கிளிப்போர்டும் சிறு பஃபரும்: ஒரு சரிபார்ப்பு மரபின் வரலாறு

உரையின் ஒரு பகுதியை வெட்டி வேறோரிடத்தில் ஒட்டும் முறை, 1970களின் நடுப்பகுதியில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கிய ஜிப்சி என்னும் மென்பொருளில் இன்றைய வடிவத்தை அடைந்தது. வெட்டிய உரை ஒட்டப்படும்வரை தங்கியிருக்கும் இடமே பின்னாளில் கிளிப்போர்டு எனப்பட்டது. பயனருக்கு இது எளிய வசதி. நிரலாளருக்கோ, எவ்வளவு நீளம் என்று முன்கூட்டி அறிய முடியாத உரை வந்துசேரும் வாசல். அங்கிருந்து வருவது ஒரு சொல்லாகவும் இருக்கலாம், ஒரு முழு நூலாகவும் இருக்கலாம். அதை ஏற்கும் பஃபர், அதாவது நிரல் தன் நினைவகத்தில் ஒதுக்கிவைக்கும் இடம், பல நேரங்களில் சில நூறு பைட்டுகளுக்குமேல் இருப்பதில்லை.

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி வடிவமைத்த சி மொழியில் ஓர் எழுத்துச்சரத்தின் முடிவைச் சுழிய மதிப்புள்ள ஒரு பைட் காட்டுமேயன்றி, அதை வாங்கும் பஃபரின் அளவு எங்கும் பதிவாகாது. ஒரு வரியைப் படித்துத் தரும் ‘கெட்ஸ்’ என்ற நூலகச் செயற்கூறு பஃபரின் முகவரியை மட்டும் பெற்றுக்கொண்டது. அளவைக் கேட்கவே இல்லை. வரி நீண்டால் அது பஃபரின் எல்லையை மீறி எழுதப்படும். இத்தகைய மீறலின் ஆபத்தை 1972இலேயே அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் தயாரித்த அறிக்கை விவரித்திருந்தும், 1988 நவம்பர் 2 அன்று மோரிஸ் புழு என்ற தானே பரவும் நிரல் பரவிய பிறகே பலரும் அதைப் பொருட்படுத்தினர். ஃபிங்கர் சேவை நிரலின் 512 பைட் பஃபருக்கு அந்தப் புழு 536 பைட்டுகளை அனுப்பியது. மிஞ்சிய பைட்டுகள், செயற்கூறு முடிந்தபின் திரும்ப வேண்டிய முகவரியின்மீது எழுதப்பட்டு, கணினியைப் புழுவின் கட்டளைகளுக்குள் திருப்பிவிட்டன.

1987இல் வெளியான எக்ஸ் விண்டோ அமைப்பின் பதினொன்றாம் பதிப்பு, கிளிப்போர்டு உரையைத் துண்டுதுண்டாகப் படிக்க வழிசெய்தது. படிப்பவர் தொடக்க இடத்தையும் நீளத்தையும் குறிப்பிட்டால், அப்பகுதியோடு இன்னும் எத்தனை பைட்டுகள் எஞ்சியுள்ளன என்ற எண்ணும் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் நீளத்தைப் பைட்டுகளில் அல்லாமல் நான்கு பைட் அலகுகளில் தர வேண்டும் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. தன் பஃபர் 1024 பைட் என்பதால் 1024 என்றே எழுதிவிடும் நிரலாளருக்கு 4096 பைட் வரை வந்துசேரலாம். வந்ததை அப்படியே தன் பஃபருக்குள் நகலெடுத்தால் பழைய விபத்து மீண்டும் நேரும். சோதிப்பவர் ஓரிரு சொற்களையே ஒட்டிப் பார்ப்பார் என்பதால் இப்பிழை சோதனையில் அகப்படுவதும் அரிது.

இத்தகைய பிழைகளைக் கண்ணால் தேடிப் பிடிக்கும் வழக்கம் பேட்ச் முறையோடு வளர்ந்தது. துளையிட்ட காகித நாடாவில் பிழையான பகுதியின்மேல் துண்டு ஒட்டித் திருத்திய காலத்திலிருந்து வந்த அப்பெயர், 1985இல் லாரி வால் வெளியிட்ட ‘பேட்ச்’ நிரலுக்குப் பின், இரு பதிப்புகளின் வேறுபாட்டை மட்டும் தாங்கிய சிறு கோப்பைக் குறிக்கலாயிற்று. முழு நிரலையும் அனுப்பாமல் மாற்றத்தை மட்டும் அனுப்பவும், தொலைவிலிருக்கும் ஒருவர் அதைப் படித்து ஏற்கவோ மறுக்கவோ முடிந்ததும் இதனால்தான். 1990களில் பரவிய, இக்கோப்பின் ஒருங்கிணைந்த வடிவம், மாறிய வரிகளுக்கு மேலும் கீழும் வழக்கமாக மும்மூன்று வரிகளையே காட்டுகிறது. பஃபர் அறிவிக்கப்பட்ட வரியோ நாற்பது வரிகளுக்கு மேலே, அல்லது வேறொரு கோப்பிலேயே இருக்கக்கூடும். ஆகவே பேட்சில் தென்படுவதை மட்டும் படிப்பவர் சரிபார்த்தவர் ஆகமாட்டார். மூலக்கோப்பைத் திறந்து அளவைத் தேடிப் பார்ப்பவரே சரிபார்ப்பவர்.

மீறலைத் தடுக்கப் பயன்படுத்தப்பட்ட தீர்வுகள் வேறொரு பிழையைக் கொண்டுவந்தன. ‘ஸ்ட்ரென்காப்பி’ என்ற செயற்கூறு பழைய யூனிக்ஸின் 14 எழுத்துக் கோப்புப்பெயர்களுக்குப் பொருந்துமாறு அமைந்தது. உரை நீண்டால் அது இறுதிச் சுழியத்தை வைப்பதில்லை. 1998இல் ஓபன்பிஎஸ்டி அமைப்பில் டாட் மில்லரும் தியோ டி ராட்டும் சேர்த்த ‘ஸ்ட்ரெல்காப்பி’ சுழியத்தை உறுதிசெய்து, மூல உரையின் முழு நீளத்தையும் திருப்பித் தருகிறது. அந்த எண்ணைப் பஃபரின் அளவோடு ஒப்பிடாத பேட்சில் உரை ஓசையின்றி வெட்டுப்படும்.

வெட்டு எங்கே விழுகிறது என்பது ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு முக்கியமானது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் கொள்வதால், ஐந்து குறியீடுகளாலான ‘தமிழ்’ என்ற சொல்லும் இறுதிச் சுழியமும் 16 பைட் பஃபரை மிகச் சரியாக நிரப்புகின்றன. பஃபர் 15 பைட் என்றால் புள்ளியின் கடைசி பைட் அறுந்து, உரை செல்லாத குறியீட்டோடு முடியும். 13 பைட் என்றால் செல்லத்தக்க குறியீடுகளே எஞ்சினாலும் சொல் ‘தமிழ’ என்றாகிவிடும். எழுத்துக்குறியீட்டைச் சோதிக்கும் எந்த நிரலும் இதைப் பிழையென்று சொல்லாது.

‘கெட்ஸ்’ செயற்கூறு 2011இல் வெளியான சி தரத்திலிருந்து நீக்கப்பட்டது. ‘ஸ்ட்ரெல்காப்பி’ உரையை மௌனமாக வெட்டுவதை ஊக்குவிக்கும் என்று நெடுநாள் எதிர்த்துவந்த குனு சி நூலகம், 2023 ஆகஸ்டில் வெளியிட்ட 2.38ஆம் பதிப்பில் அதை ஏற்றுக்கொண்டது.