விண்ணகமும் கண்டி நகரும்

மறுமை நம்பிக்கை இம்மையை மறக்கச் செய்யும் என்பர் சிலர். கிறித்தவர் கூறும் விண்ணகமோ, புண்ணியப் பயன் தீருங்காறும் துய்க்கும் போகவுலகமன்று; இறைவனோடும் அடியாரோடும் அன்பில் என்றும் ஒன்றியிருக்கும் நிலையாகும். அவ்வுறவுக்கெனவே மனிதன் படைக்கப்பட்டான் என்பதே அஃது உளதாதற்குக் காரணம். அன்பே விண்ணகமாயின், அதற்கான ஆயத்தம் மண்ணிலேயே தொடங்கவேண்டும்.

இதற்குக் கண்டி வரலாறு சான்று பகரும். கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். 1697இல் அந்நகரில் வைசூரி பரவி, உற்றாரும் நோயாளரைக் கைவிட்டபோது, சமய வேறுபாடு பாராது அவர்களைப் பேணினார். 1711இல் கண்டியிலேயே மறைந்த அவர், 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார். விண்ணக நாட்டமே அவரை நோயாளர் பாயருகே இருத்தியது எனலாம்.