ஒளிக்கும் நிழலுக்கும் இடையே

கடற்கரையில் நிற்பவன் வானத்து முகிலையும் காண்கிறான். கரும்பாறையில் மோதும் அலையையும் காண்கிறான். முகிலை நோக்கும்போது கண்மணி சுருங்கும். பாறையை நோக்கும்போது விரியும். கண் செய்யும் இவ்வரும்பணியை அவன் உணர்வதேயில்லை. கமராவுக்கு இவ்வசதி கிடையாது. அதன் கதவு திறந்து மூடும் சிறு பொழுதில் வானத்துக்கும் பாறைக்கும் ஒரே அளவுதான். ஒன்று தெளிந்தால் மற்றொன்று கெடும். இக்குறையைத் தீர்க்க மனிதர் மேற்கொண்ட முயற்சி, ஒளிப்படக் கலையின் வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடுகளே வழக்கில் இருந்தன. அவை நீல ஒளியை மிகுதியாக ஏற்பவை. கடல் பதியும்வரை காத்திருந்தால், வானம் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் வெளிறிவிடும். நேரத்தைக் குறைத்தால் கடல் இருண்டுவிடும். பலர் வெளிறிய வானத்தோடு அமைதி கொண்டனர். பாரிஸ் நகரில் தொழில் நடத்திய குஸ்தாவ் ல கிரே அமைதி கொள்ளவில்லை. அவர் ஓவியம் பயின்றவர். 1857ஆம் ஆண்டில் தென் பிரான்சின் செத் துறைமுகத்தில் அவர் ஆக்கிய ‘பேரலை’ என்னும் படத்தில் கடலுக்கு ஒரு தகடும் வானத்துக்கு வேறொரு தகடும் பயன்பட்டன. இரண்டையும் தொடுவானக் கோட்டில் பொருத்தி, ஒரே தாளில் அச்சிட்டார். அவருடைய கடற்படங்களுள் ஒன்றில் கண்ட முகிற்கூட்டம் மற்றொன்றிலும் தோன்றுவதுண்டு. அப்படியாயின் அப்படம் பொய்யோ? முகிலே இல்லாத வெள்ளை வானமும் உண்மையன்று என்பதை அப்படிக் கேட்போர் மறந்துவிடுகின்றனர்.

இங்கிலாந்தில் ஹேர்ட்டர், டிரிபீல்ட் என்னும் இருவர் 1890ஆம் ஆண்டில் இதற்குக் கணக்கு வகுத்தனர். ஒருவர் இரசாயன அறிஞர், மற்றவர் பொறியியலாளர். தகட்டில் படும் ஒளியையும் அதனால் விளையும் கருமையையும் வரைபடமாக்கியபோது, வளைந்தேறும் ஒரு கோடு கிடைத்தது. கணினியில் படம் திருத்துவோர் இன்று இழுத்து வளைக்கும் கோட்டுக்கு அதுவே மூதாதை எனலாம்.

அக்கணக்கைக் கலைஞன் கைக்கு எட்டச் செய்தவர் அமெரிக்கரான அன்செல் அடம்ஸ். அவரும் பிரெட் ஆர்ச்சரும் 1940ஆம் ஆண்டையொட்டி, முழுக் கருமை தொடங்கித் தூய வெண்மை வரையுள்ள சாயல்களை 11 படிகளாக வகுத்தனர். படம் பிடிக்கு முன்னரே எப்பொருள் எப்படியில் நிற்கவேண்டும் எனத் தீர்மானிப்பதே அம்முறை.

1941ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் நாள் அம்முறைக்குச் சோதனை வந்தது. நியூ மெக்சிக்கோவின் எர்னாண்டஸ் என்னும் சிற்றூருக்கு மேலே நிலவு எழுந்திருந்தது. மறையும் சூரியனின் கடைசிக் கதிர்கள் இடுகாட்டுச் சிலுவைகளை வெண்மையாக்கின. அடம்ஸ் வாகனத்தை நிறுத்திக் கமராவை அமைத்தார், ஒளிமானி அகப்படவில்லை! நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 மெழுகுதிரி என்பது நினைவுக்கு வந்தது. அதைக் கொண்டே கணித்து ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்கு ஆயத்தமாகுமுன் சிலுவைகளை விட்டு வெயில் நீங்கிவிட்டது.

நிலவு காப்பாற்றப்பட்டது, நிலமோ மெலிந்து பதிந்திருந்தது. 1948ஆம் ஆண்டில் அடம்ஸ் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் இரசாயனத்தால் வலுப்படுத்தினார். அச்சிடும் இருட்டறையிலோ கையையும் அட்டையையும் மறைப்பாகப் பிடித்து, ஓரிடத்துக்கு ஒளியைக் குறைத்தும் வேறிடத்துக்குக் கூட்டியும் வந்தார். அப்படத்தை ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை அவர் அச்சிட்டார். தொடக்க காலப் பிரதிகளில் வானம் சாம்பல் நிறம். பிற்காலப் பிரதிகளில் ஏறக்குறையக் கருமை. எடுத்த நாளை மட்டும் அவர் குறித்துவைக்கவில்லை. நிலவு நின்ற இடத்தைக் கொண்டு வானியல் கணக்கினால் அந்நாள் பின்னர் கண்டறியப்பட்டது.

எண்முறைக் கமரா வந்தபோது பழைய விதி தலைகீழாயிற்று. நெகட்டிவ் சுருளில் நிழல் பதியாவிட்டால் அது என்றும் இல்லை. ஆகவே நிழலுக்கே முதலிடம் தந்தனர். எண்முறை உணரியின் ஒவ்வொரு கலமும் மழைநீர் ஏந்தும் கிண்ணம் போன்றது. நிறைந்தபின் விழும் துளிக்குக் கணக்கில்லை. வெளிறிப்போன முகிலை எந்தத் திருத்தமும் மீட்காது. ஆதலால் இங்கே வெளிச்சத்தைக் காத்து, இருளைப் பின்னர் உயர்த்தவேண்டும். அதற்கும் எல்லை உண்டு. 16,384 படிகள் கொண்ட மூலப்பதிவில் மிகப் பிரகாசமான பகுதி மட்டுமே 8,192 படிகளை எடுத்துக்கொள்ளும். ஒளி பாதியாகும் ஒவ்வொரு தடவையும் படிகளும் பாதியாகும். ஆழ்ந்த இருளுக்கு எஞ்சுவன மிகச் சில. அதை வலிந்து உயர்த்தினால் மணல் தூவியதுபோல் புள்ளிகள் எழும்.

1997ஆம் ஆண்டில் டெபவெக், மாலிக் என்போர் வெவ்வேறு அளவில் எடுத்த பல படங்களை ஒன்றாக இணைக்கும் கணித வழியை வெளியிட்டனர். ல கிரேயின் இரு தகடுகளே மீண்டும் வந்தன என்க. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொரு முறை, அடம்ஸின் படிகளையும் அவருடைய இருட்டறைக் கைவினையையும் கணக்காக மாற்றியது. 2003ஆம் ஆண்டில் போட்டோஷொப் மென்பொருளில் நிழலையும் வெளிச்சத்தையும் தனித்தனியே திருத்தும் கருவி சேர்ந்தது. எளிதாகக் கிடைத்ததாலேயே அது மிகையாகவும் கையாளப்பட்டது. நிழல் முழுவதையும் உயர்த்திய படத்தில் பொருள்களின் விளிம்பில் ஒளிவட்டம் தோன்றும். பகலும் இரவும் அல்லாத சாம்பல் பூத்த தோற்றம் உண்டாகும். முகிலில் இழை தெரியுமளவுக்கு வெளிச்சத்தைத் தாழ்த்தி, முகம் தெரியுமளவுக்கு நிழலை உயர்த்தி, கருமை சிறிது எஞ்ச விடுவதே தேர்ந்தோர் வழக்கம்.

செய்திப் படத்தில் இது அழகுப் பிரச்சினை மட்டுமன்று. 2015ஆம் ஆண்டு உலகச் செய்திப் படப் போட்டியில் இறுதிக்கு முந்திய சுற்றை எட்டியவற்றுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீக்கப்பட்டது. இருளைக் கூட்டிப் பொருள்களை மறைத்தது அதற்கான காரணங்களுள் ஒன்று. எதையும் வெட்டாமல், ஒட்டாமல், நிழலை ஆழமாக்கியே ஒருவரைப் படத்திலிருந்து நீக்கிவிடலாம்.

இன்றைய கைப்பேசிகள் பல, ஒரு தடவை அழுத்தியதும் பல படங்களை எடுத்துத் தாமே கலந்துவிடுகின்றன. எவ்வளவு முகில், எவ்வளவு இருள் என்பதைப் பிடித்தவர் காணுமுன்பே அவற்றினுள் எழுதிய கணிப்புமுறை தீர்மானித்துவிடுகிறது. அத்தீர்ப்பைத் தம் கையில் வைத்துக்கொள்ள விரும்புவோர் மூலப்பதிவையும் சேமிக்குமாறு கருவியை அமைத்துக்கொள்கின்றனர்.