வட்டக்களரியும் பல்கலைக்கழகமும்

பல்கலைக்கழகம் என்றதும் நம் மனக்கண்முன் நூலகமும் விரிவுரை மண்டபமும் பட்டமளிப்பு விழாவுமே தோன்றுகின்றன. மத்தளத்துடன் கிராமத்து அண்ணாவியார் ஒருவர் அதன் வாயிலில் வந்து நிற்கும் காட்சி தோன்றுவதில்லை. ஆயினும் இலங்கையின் முதற் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் உயிர்த்துடிப்புடன் விளங்கிய காலத்தை ஆராயப் புகுவோர் அந்த அண்ணாவியாரைத் தவிர்த்துச் செல்ல இயலாது. பொதுமக்களின் பணத்தால் நடைபெறும் பல்கலைக்கழகம் அம்மக்களின் கலைக்கு எத்தகைய இடம் அளித்தது? அவர்களிடமிருந்து பெற்றதற்கு ஈடாக எதைத் திருப்பிக் கொடுத்தது? இவ்விரு வினாக்களையும் முன்வைத்துப் பேராதனையில் தொடங்கி மட்டக்களப்பில் வந்து நிற்கும் ஒரு வரலாற்றை ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

பேராதனையின் தொடக்கம்

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் கொழும்பில் நிறுவப்பெற்றது. அதன் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தில் தங்கிப் பயிலும் ஆங்கிலேய மரபை அடியொற்றி அதனை அமைக்க அவர் விரும்பினார். மகாவலி ஆற்றின் கரையில், அந்தானை மலைச்சாரலில், பேராதனை வளாகம் எழுந்தது. 1952இல் கலைப்பீடம் அங்கே இடம்பெயர்ந்தது. போதனாமொழி ஆங்கிலம். மாணவருட் பெரும்பாலோர் நகரத்துப் பெரிய கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். அக்காலத்தில் நாட்டின் கிராமங்களுக்கும் அவ்வளாகத்துக்கும் இடையிலான தூரத்தை மைல்களால் மட்டும் அளந்துவிட முடியாது.

தமிழ்த்துறையின் முதற் பேராசிரியராக 1943இல் பொறுப்பேற்றவர் சுவாமி விபுலானந்தர். மட்டக்களப்புத் தமிழகத்தின் காரைதீவில் பிறந்தவர் அவர். நாடக இலக்கணத்தை ஆராயும் மதங்கசூளாமணியை 1926இலும், பழந்தமிழர் இசையை ஆராயும் யாழ்நூலை 1947இலும் அவர் தமிழுக்கு அளித்தார். யாழ்நூல் வெளிவந்த அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். இலக்கியத்தை இசையினின்றும் நாடகத்தினின்றும் பிரித்துக் கற்றல் கூடாது என்னும் பாடத்தை அவர் தம் துறைக்கு விட்டுச்சென்றார் எனலாம்.

அவருக்குப்பின் பேராசிரியரான க. கணபதிப்பிள்ளை இலண்டனில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். கல்வெட்டுத் தமிழில் துறைபோனவர். ஆயினும் நாடகம் எழுத அமர்ந்தபோது, யாழ்ப்பாணத்து மக்கள் வீட்டிலும் வேலியோரத்திலும் பேசும் தமிழையே அவர் கையாண்டார். அவருடைய ‘நானாடகம்’ 1940இல் நூலாயிற்று. பேச்சுத்தமிழ் மேடைக்கு ஏலாதது என்று கருதப்பட்ட காலத்தில் அதனைப் பல்கலைக்கழக அரங்கில் ஒலிக்கச் செய்தமை துணிவான செயலாகும். அந்நாடகங்களை மாணவரைக் கொண்டு மேடையேற்றியவர், அவர்தம் துறையில் விரிவுரையாளராயிருந்த சு. வித்தியானந்தன். மக்களின் மொழி இவ்வாறு முதலில் வளாகத்துள் நுழைந்தது. மக்களின் ஆடலும் பாடலும் நுழைவதற்கு மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1956ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

1956ஆம் ஆண்டு இலங்கை வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டின் நடுப்பகுதியில் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்னும் சட்டம் நிறைவேறியது. தமிழர் நெஞ்சில் அது ஏற்படுத்திய காயம் யாவரும் அறிந்ததே. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் பேராதனைப் பல்கலைக்கழகச் சிங்கள நாடகக் குழுவினர் ‘மனமே’ என்னும் நாடகத்தைக் கொழும்பில் அரங்கேற்றினர். அதனை ஆக்கியவர் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர. நவீன சிங்கள நாடக வரலாறு அந்நாடகத்தோடு தொடங்குகிறது என்றே சிங்கள அறிஞர் பலரும் எழுதுவர்.

சாதகக் கதையொன்றைக் கருவாகக் கொண்ட ‘மனமே’, வடிவத்தில் ‘நாடகம’ எனப்படும் சிங்களக் கிராமியக் கூத்தைத் தழுவியது. அந்த நாடகமவோ தமிழ்க் கூத்திலிருந்து பிறந்தது; மேற்குக் கரையோரச் சிங்களக் கத்தோலிக்கரிடையே செழித்து வளர்ந்தது. சிங்கள நாட்டார் நாடகங்களை ஊரூராகச் சென்று ஆராய்ந்த சரச்சந்திர இவ்வுறவை மறைக்கவில்லை. தம் ஆய்வில் எடுத்துக் கூறினார். நாடகம மரபில் ஊறிய சாள்ஸ் சில்வா என்னும் கிராமத்துக் குருவின் துணையோடுதான் ‘மனமே’யின் இசையும் உருப்பெற்றது.

நாடாளுமன்றத்தில் இரு மொழிகளுக்கும் இடையே சுவர் எழுப்பப்பட்ட ஆண்டிலேயே, தமிழ்க் கூத்தின் வழிவந்த வடிவம் ஒன்று சிங்கள அரங்கின் பெருமையாயிற்று. ஆயினும் அரங்கில் விளைந்த நல்லுறவு அரசியலின் போக்கை மாற்றிவிடவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் எதனைச் செய்ய வல்லது, எதனைச் செய்ய வல்லதன்று என்னும் இரண்டையும் அவ்வாண்டு நமக்குக் காட்டுகிறது.

அண்ணாவியார் வளாகத்துக்கு வருதல்

‘மனமே’ பெற்ற வெற்றி வித்தியானந்தனுக்குப் பெரும் உந்துதலாயிற்று. தாய்வடிவம் நம்மிடம் உயிருடன் இருக்க, அதனை நாம் ஏன் நாடவில்லை என்னும் வினா எழுந்தது. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராக அவர் மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளுக்குச் சென்று கூத்துகளைக் கண்டார், அண்ணாவியார்களைச் சந்தித்தார்.

மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என இருவகைக் கூத்துகள் வழங்கி வருகின்றன. வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகளைக் கொண்டது. ஆட்டத்தில் வேகமும் வீரமும் மிகுந்தது. தென்மோடி பாடலை நீட்டி இசைக்கும் இயல்பினது. காதலும் மணமும் அதன் கதைகளில் மிகுதி. ஒரு கூத்தைப் பழகுவது அவ்வூர் முழுவதற்கும் உரிய பணி. நடிப்போருக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்தளிக்கும் சட்டங்கொடுத்தலில் தொடங்கி, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் பல மாதங்கள் கடந்தே அரங்கேற்றம் நிகழும். வட்டமான களரியைச் சுற்றி மக்கள் அமர்ந்திருக்க, மத்தளமும் சல்லரியும் முழங்க, இரவு முழுவதும் ஆட்டம் நடைபெறும். எழுத்தறிவு குறைந்த உழவரும் தொழிலாளரும் நூற்றுக்கணக்கான பாடல்களை மனத்தில் நிறுத்தி ஆடினர். இதனை ஒரு கல்வி என்று கொள்ளாவிடின், கல்வி என்னும் சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருளே குறையுடையதாகும்.

இக்கலை பேராதனைக்கு வருவதற்கு வழிகோலியது நாடகப் பற்று மட்டுமன்று. கல்வி வரலாற்றில் நிகழ்ந்த மாற்றமும் அதற்குக் காரணமாயிற்று. 1940களில் கன்னங்கரா அறிமுகப்படுத்திய இலவசக் கல்வியும், கிராமப்புறங்களில் எழுந்த மத்திய பாடசாலைகளும் ஏழை எளியவரின் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் கதவைத் திறந்தன. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலைப்பீடத்தில் தாய்மொழி வழிக் கல்வியும் தொடங்கியது. கூத்தாடும் ஊர்களின் பிள்ளைகள் பட்டதாரி மாணவராக வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் பேராசிரியரான மட்டக்களப்பு சி. மௌனகுரு.

1962இல் ‘கர்ணன் போர்’ என்னும் வடமோடிக் கூத்து பல்கலைக்கழக மாணவரால் மேடையேற்றப்பட்டது. அதனைப் பழக்கியவர் வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். பேராசிரியர்கள் விரிவுரையாற்றிய வளாகத்தில், பட்டம் எதுவும் பெறாத அம்மனிதர் ஆசானாக நின்று தாளக்கட்டுச் சொல்ல, மாணவர் அடிபெயர்த்து ஆடினர். தொடர்ந்து 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, 1968இல் ‘வாலிவதை’ என்பன வெளிவந்தன. இவற்றுள் ‘இராவணேசன்’ தனிச்சிறப்புடையது. போரின் வெற்றி தோல்வியை விட, அழிவு வருவதை அறிந்தும் போர்க்களம் புகும் ஒருவனின் உள்ளப் போராட்டமே அதில் முதன்மை பெற்றது. இராவணனாக ஆடியவர் மௌனகுரு.

பெற்றதும் இழந்ததும்

இம்முயற்சியால் கூத்து பெற்ற நன்மைகள் வெளிப்படையானவை. நகரத்துக் கற்றோர் ‘நாட்டுக்கூத்து’ என்று இகழ்ந்து ஒதுக்கியதைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எழுந்து நின்று பாராட்டினர். அண்ணாவியார்கள் பொன்னாடை பெற்றனர். கூத்து ஆய்வுக்குரிய பொருளாயிற்று.

எனினும் இழப்பும் இருந்தது. விடியும்வரை ஆடப்பட்ட கூத்து ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருக்கப்பட்டது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரியை விட்டு, ஒருபுறம் மட்டுமே பார்க்கும் படச்சட்ட மேடைக்குள் அது புகுந்தது. ஊரே கூடிச் செய்த பணி, அனுமதிச்சீட்டு வாங்கியோர் அமைதியாக இருந்து காணும் காட்சியாக மாறியது. செம்மைப்படுத்தல் என்று கற்றோர் அழைத்த இதனை, கூத்தைத் தம் வாழ்வாகக் கொண்ட ஊரவர் எப்பெயரால் அழைத்திருப்பர் என்று நாம் எண்ணிப் பார்த்தல் தகும். மறுபுறம், கிராமத்துக் களரியும் குறைகளற்றதன்று. யார் எப்பாத்திரத்தை ஏற்கலாம் என்பதில் சாதியின் கை இருந்தது. வளாகத்து மேடையில் பல ஊரினரும் பல நிலையினரும் சேர்ந்து ஆடினர். ஆகவே இழப்பை மட்டுமோ நன்மையை மட்டுமோ பேசுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

இங்கே நம் திருச்சபையோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் குறிப்பிடல் வேண்டும். மன்னார் மாதோட்டப் பகுதியிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் கத்தோலிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி வந்துள்ளனர். குழந்தை இயேசுவைக் காணவந்த ஞானிகளின் கதையைக் கூறும் ‘மூவிராசர் நாடகம்’, ‘என்றீக்கு எம்பரதோர் நாடகம்’, ‘ஞானசவுந்தரி நாடகம்’ ஆகியவை ஏடுகளிலும் கையெழுத்துப் படிகளிலும் கிடந்தன. சைவரான வித்தியானந்தன் 1960களில் அவற்றைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். கோவிற் பெட்டகங்களிலும் அண்ணாவியார் வீடுகளிலும் கறையானுக்கு இரையாகியிருக்கக் கூடியவை இவ்வாறு நூலாயின. சமய எல்லை கடந்த அப்பணிக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். அதே காலத்தில், 1965இல், மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றமும் கூத்து மரபைப் போற்றி வளர்த்தது.

வளாகத்துக்கு வெளியே

பல்கலைக்கழகத்தில் கற்றோர் கூத்தைக் கையிலெடுத்து மீண்டும் மக்களிடம் சென்றபோது அக்கலை புதிய பொருள் பெற்றது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. அதனையொட்டி 1969இல் ‘கந்தன் கருணை’ கூத்து வடிவில் ஊரூராக ஆடப்பட்டது. மௌனகுருவின் ‘சங்காரம்’ வடமோடி ஆட்டத்தைக் கொண்டு சமூக ஏற்றத்தாழ்வைச் சாடியது. அரசர் கதைகளுக்கு வகுக்கப்பட்ட தாளக்கட்டு, ஒடுக்கப்பட்டோரின் குரலையும் தாங்க வல்லது என்பது இவற்றால் தெளிவாயிற்று.

1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் அமைந்தது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாகியபோது, கூத்துத் தேடி ஊர்களில் நடந்த அதே வித்தியானந்தன் அதன் முதல் துணைவேந்தரானார். அவர் பதவியிலிருந்த காலம் நெருப்பின் காலம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. 1983 மே மாதத்தில், ஒரு காலத்தில் இரு மொழிக் கலைஞரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்ற பேராதனை வளாகத்திலேயே தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர்.

இத்தகைய சூழலில் 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை ஊர்கள்தோறும் கொண்டு சென்றனர். அதனை எழுதியவர் குழந்தை ம. சண்முகலிங்கம்; நெறிப்படுத்தியவர் க. சிதம்பரநாதன். மக்கள் தம் துயரத்தை அதில் கண்டு கண்ணீர் வடித்தனர். ஊரைத் தேடிப் பல்கலைக்கழகம் சென்ற இந்நிகழ்ச்சி, 1962இல் பட்ட கடனின் ஒரு பகுதியைத் தீர்த்தது என்று கூறலாம்.

வந்தாறுமூலை

செல்லையா அண்ணாவியாரின் ஊர் இவ்வரலாற்றில் மீண்டும் வருகிறது. 1981இல் மட்டக்களப்பில் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் வளாகம் அமைந்த இடம் வந்தாறுமூலை. பேராதனைக்குக் கூத்தைக் கற்பிக்கச் சென்றவரின் மண்ணிலேயே ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது சுற்றுப்புறக் கிராமங்களின் மக்கள் உயிருக்கு அஞ்சி அவ்வளாகத்தில் அடைக்கலம் புகுந்தனர். கற்றோரின் இல்லம் தம்மைக் காக்கும் என அவர்கள் நம்பினர். அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் அங்கிருந்து படையினர் அழைத்துச் சென்ற 158 பேர் திரும்பி வரவில்லை. பின்னர் அமைக்கப்பட்ட சனாதிபதி விசாரணை ஆணைக்குழுவின் முன்னும் இச்செய்தி வைக்கப்பட்டது. நீதி இன்னும் கிடைக்கவில்லை. மக்களின் பாடலையும் ஆடலையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் எந்தக் கலைப்பீடமும், அம்மக்களின் உயிரைப் பற்றிய இந்நினைவை ஒதுக்கிவிட்டுத் தன் வரலாற்றை எழுத முடியாது.

பேரழிவின் பின்னும் பணி நிற்கவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மௌனகுரு நுண்கலைத் துறையைக் கட்டியெழுப்பினார். ‘இராவணேசன்’ மட்டக்களப்பில் புதுப்பொலிவுடன் மீண்டும் ஆடப்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் சி. ஜெயசங்கர் மட்டக்களப்புச் சீலாமுனையில் வேறொரு வழியை மேற்கொண்டார். கூத்தை மேடைக்கு எடுத்துச் செல்லாமல், அதன் வட்டக்களரியிலேயே ஊரவருடன் அமர்ந்து, எதை மாற்றுவது, எதைக் காப்பது என்பதை அவர்களே கலந்துபேசி முடிவு செய்யத் துணைநின்றார். ‘கூத்து மீளுருவாக்கம்’ என அது வழங்கப்படுகிறது. அறுபதுகளில் பேராசிரியர் கையிலிருந்த கத்தரிக்கோல் ஊரவர் கைக்கு மாறியது இதன் சிறப்பாகும்.

கலைப் படிப்பால் என்ன பயன் என்று வினவுவோர் இன்று பலர். தொழில் தரும் கல்வியே கல்வி என்று பெற்றோரும் நம்புகின்றனர். அவர்களுக்கு இவ்வரலாறு ஒரு விடை தருகிறது. கலைப்பீடம் ஒன்று இல்லாதிருந்தால் மன்னார் ஏடுகள் அழிந்திருக்கும். பல அண்ணாவியார்களின் பெயரை அவர்தம் ஊருக்கு வெளியே எவரும் அறிந்திருக்கமாட்டார்கள். தமிழ்க் கூத்துக்கும் சிங்கள நாடகத்துக்கும் உள்ள உறவைப் பகைமைக் காலத்தில் சான்றுடன் எடுத்துரைக்க எவரும் இருந்திருக்கமாட்டார்கள். அதே வேளையில், வளாகத்தின் வாயில் அடைபட்டிருந்த காலங்களில் கலைப்பீடமும் வறண்டே கிடந்தது. எனவே உயர்கல்வி கற்கச் செல்லும் நம் பிள்ளைகள், தம் ஊரில் ஏடு காத்துவரும் முதியவரை ஒருமுறை சென்று கண்டு, அவர் பாடுவதைக் கேட்டு எழுதிக்கொண்டு செல்வார்களாக. படித்து முடித்தபின், எழுதியதை அவரிடம் படித்துக் காட்டவும் மறவாதிருப்பார்களாக.