கண்ணாடிக் குமிழின் சான்று

செப்பேடும் நாணயமும் தம் காலத்தைப் பெரும்பாலும் தாமே கூறிவிடும். அரசன் பெயரோ ஆட்சியாண்டோ அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரவைப் பகலாக்கிய மின்குமிழோ ஆண்டுக் குறிப்பின்றியே பிறந்தது. அதன்மேல் ஒட்டப்பெற்ற கடதாசிச் சீட்டும் வெப்பத்தால் கருகி உதிர்ந்தபின் எஞ்சுவன கண்ணாடியும் இழையும் அடியுமேயாம். இம்மூன்றையும் துணைக்கொண்டு ஒரு விளக்கின் காலத்தைத் துணிதல் இன்று பழம்பொருள் தேடுவோரின் பொழுதுபோக்காகக் கருதப்படுகின்றது. ஆயின், பெரும் பொருளையும் பெரும் புகழையும் பற்றிய வழக்கொன்று ஒருகால் இத்துணிவையே சார்ந்து நின்றது.

தோமஸ் எடிசன் தமது கரியிழை விளக்குக்கு 1879 நவம்பரில் ஆக்கவுரிமை கோரி, 1880 ஜனவரி 27ஆந் திகதி அதனைப் பெற்றார். அதே 1879இன் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோசப் சுவான் என்பார் தமது கரியிழை விளக்கை அறிஞர் அவையில் காட்டியிருந்தார். ஆங்கே இருவரும் பொருதழியாது 1883இல் ஒரே கம்பனியாக இணைந்தனர். அமெரிக்காவிலோ நிலைமை வேறு. பல சிறு உற்பத்தியாளர் எடிசனின் உரிமையை மதியாது விளக்குச் செய்து விற்றனர். நெடிய வழக்கின் பின், 1892இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுரிமை செல்லுமென உறுதி செய்தது. அதனால் தொழிலை இழக்கும் நிலையெய்திய உற்பத்தியாளர், எடிசனுக்கும் முந்திய ஒருவரைத் தேடலாயினர். 1893இல் அவர்கள் கண்டெடுத்தவரே ஹென்றி கோபெல்.

கோபெல் 1818இல் ஜேர்மனியின் ஸ்பிறிங்கே என்னும் ஊரிற் பிறந்து நியூயோர்க்கில் குடியேறிய கைவினைஞர். மணிக்கூடு திருத்துதல் முதலிய நுண்டொழில் வல்லவர். தாம் 1850க்களிலேயே மூங்கிலிழையைக் கரியாக்கி, வாசனைத் தைலக் குப்பிகளுள் வைத்து, காற்றை அகற்றி விளக்கெரித்ததாக அவர் கூறினார். அவர் செய்தவையெனச் சில விளக்குகளும் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டன. அவை உண்மையில் எடிசனுக்கு முற்பட்டவையாயின் எடிசனின் உரிமை வீழ்ந்திருக்கும்.

ஈண்டு ஆராயத்தக்கது யாதெனின், அவ்விளக்குகள் தாமாக எதனைக் கூறவல்லன என்பதாம். கோபெல் 1881இல் அமெரிக்க விளக்குக் கம்பனியொன்றில் பணியாற்றியவர். 1882இல் காற்றகற்றும் பம்பியின் திருத்தமொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றவர். எனவே, எடிசனின் விளக்கு வெளிவந்த பின்னர் அதனையொத்த விளக்கைச் செய்யும் திறமும் கருவியும் வாய்ப்பும் அவர்க்கு இருந்தன. அவர் கையால் ஆகிய குமிழொன்று 1854ஐச் சேர்ந்ததா 1882ஐச் சேர்ந்ததா என்பதை அதன் உருவங்கொண்டு மட்டும் பிரித்தறிதல் அரிது. தையற்பொறிக்குரிய சிறு உறுப்பொன்றுக்கு 1865இலேயே ஆக்கவுரிமை பெறத் தெரிந்தவர், அதனினும் எத்துணையோ பெரிதாகிய விளக்கிற்கு அதனைக் கோராது வாளாவிருந்தமையும் வியப்பிற்குரியது. பொஸ்ரன் நீதிமன்றத்தில் நீதிபதி கோல்ற் 1893 பெப்ரவரியில் கோபெலின் கூற்று நம்பத்தக்கதன்று எனக் கருதித் தடையாணை வழங்கினார். சென் லூயிஸ் நீதிமன்றமோ ஐயத்துக்கு இடமுண்டெனக் கொண்டு தடையை மறுத்தது. கோபெல் அவ்வாண்டு டிசம்பரில் இறந்தார். எடிசனின் உரிமை 1894 நவம்பரிற் காலாவதியாயிற்று. எனவே, முழு விசாரணை நிகழ்ந்து தீர்ப்பு வழங்கப்படாமலே வழக்கு ஓய்ந்தது.

தீர்ப்பில்லா வழக்கிற் புராணம் முளைத்தல் இயல்பு. ஜேர்மனியில் கோபெல் மின்விளக்கின் தந்தையாக்கப்பட்டார். 1954இல் அவர் விளக்கின் நூற்றாண்டு விழாவும் கொண்டாடப்பட்டது. 2007இல் வெளிவந்த ஆய்வேடொன்று வழக்கின் ஆவணங்களை மீளத் துருவி அப்புகழைக் கட்டுக்கதையென நிறுவியது. இவ்வாறு நூறாண்டு கழிந்தும் முடிவு கூறியவை ஏடுகளேயன்றிக் குமிழ்களல்ல. குமிழை மாத்திரம் நம்புவோர் இதனை மறத்தலாகாது.

எனினும், குமிழ் ஊமையன்று. முதலாவதாக அதன் உச்சியை நோக்குக. பழைய விளக்கின் காற்று உச்சியிலுள்ள சிறு குழாய்வழி உறிஞ்சப்பட்டு, பின் அக்குழாய் சுவாலையால் உருக்கி மூடப்பட்டது. ஆங்கே எஞ்சியதே கூர்முனை. 1920ஐ அடுத்த ஆண்டுகளில் காற்றை அடிப்புறத்தால் அகற்றும் முறை பரவவே உச்சி வழவழப்பாயிற்று. கூர்முனையுள்ளதெல்லாம் பழையதென்று கொள்வது தவறு. உணவுச்சாலைகளின் அலங்காரத்திற்கென அண்மைக்காலத்திற் செய்யப்படும் போலிப் பழமைக் குமிழ்களிலும் கூர்முனை உண்டு.

இழை இன்னும் தெளிவாகப் பேசும். கொண்டையூசிபோல் ஒருமுறை மட்டும் வளைந்த கரியிழை முந்தியது. எடிசன் முதலிற் கரியாக்கிய கடதாசியையும் 1880 முதல் மூங்கிலையும் பயன்படுத்தினார். அவர் தேர்ந்த மூங்கில் ஜப்பானிலிருந்து வந்தது. பின்னர்ச் செலுலோசுக் கரைசலை நுண்டுளைவழிப் பிதுக்கி இழையாக்கும் முறை அதனை விலக்கியது. 1905ஐ ஒட்டித் தந்தாலம் என்னும் உலோக இழை விற்பனைக்கு வந்தது. தங்குதன் உலோகம் விளக்கினுட் புகுந்தபோது முதலில் எளிதில் நொறுங்குவதாயிருந்தது. கூலிட்ஜ் என்பார் 1910ஐ ஒட்டி அதனைக் கம்பியாக இழுக்கும் வழிகண்டபின் கரியின் ஆட்சி தளர்ந்தது. 1913இல் லாங்மியூர் குமிழினுள் வாயு நிரப்பி இழையைச் சுருளாக்கினார். ஆகவே, சுருளிழையும் வாயுவும் உள்ள விளக்கை அவ்வாண்டுக்கு முன் வைத்தல் இயலாது.

அடியும் நாட்டைக் காட்டும். திருகு அடி எடிசன் வழியது; இரு முளைகளைக் கொண்டு தாங்கியில் மாட்டும் அடி பிரித்தானிய வழியது. இலங்கை இல்லங்களிலும் பெரிதும் வழங்கியது பிந்தியதே. கண்ணாடியை ஊடுருவிச் செல்லும் கம்பி ஆதியிற் பிளாற்றினமாயிருந்தது. அது வெப்பத்தாற் கண்ணாடியோடு ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால் காற்று உட்புகாது. ஆயின், அவ்வுலோகத்தின் விலையே பல முதல் விளக்குகளுக்குக் கூற்றாயிற்று. பழுதடைந்த விளக்குகள் பிளாற்றினத்துக்காக உடைக்கப்பட்டன. இற்றைக்கு அவை அருகிக் காணப்படுதற்கு இதுவுமொரு காரணமாம்.

இந்த அழிவினிடையே விளக்குகளைச் சேர்த்துக் காத்த பெருமை வில்லியம் ஹமர் என்பாருக்குரியது. 1879இறுதியில் எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுகூடத்திற் சேர்ந்த இவர், பிறர் குப்பையென எறிந்தவற்றைத் தொகுத்தார். அத்தொகுப்பு பின்னர் டியர்போர்ன் நகரிலுள்ள ஹென்றி போர்ட் அரும்பொருட்சாலையைச் சேர்ந்தது. தொகுத்தமையினும் அவர் கூர்ந்து நோக்கியமையே பெரிது. நெடிது எரிந்த விளக்கின் உட்புறம் கரிபடிந்து கறுக்கும். அக்கருமையினிடையே இழைக்கு நேராக மெல்லிய தெளிந்த கோடொன்று நிழல்போல் நிற்பதை ஹமர் கண்டார். அது பின்னர் "ஹமரின் மாயநிழல்" எனப் பெயர்பெற்றது.

அந்நிழலை ஆராயப்புகுந்த எடிசன் விளக்கினுள் தனித்தகடொன்றை வைத்து, வெற்றிடத்தினூடும் மின் செல்வதைக் கண்டு 1883இல் ஆக்கவுரிமை கோரினார். அதன் காரணத்தை அவர் அறிந்திலர். லண்டனில் எடிசன் கம்பனியின் ஆலோசகராயிருந்த அம்புரோஸ் பிளெமிங் தகடுள்ள விளக்குகளைத் தாமும் செய்து ஆராய்ந்தபின் அலுமாரியில் வைத்துவிட்டார். மார்க்கோனி கம்பனிக்குப் பணியாற்றிய காலை, 1904இல், கம்பியில்லாத் தந்தியின் அலைவுகளை ஒருதிசை மின்னாக்கும் கருவி தேவையாயிற்று. பழைய விளக்குகளை அவர் நினைந்தார். அலுமாரியைத் திறந்தார். அவற்றையே பயன்படுத்திப் பார்க்க அவை இயங்கின. வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய் பிறந்த கதை இதுவாம். பழையவற்றை எறியாது வைத்தமையின் பயன் இதனினும் தெளிவாக யாண்டும் விளங்கியதில்லை.

இவ்வுறவை முதற்குழாய்கள் தம் உடம்பிலேயே தாங்கின. 1906இல் லீ டி பொறெஸ்ற் தொடங்கிய ஓடியன் குழாய்களைச் செய்தளித்தவர் நியூயோர்க்கிற் சிறுவிளக்குச் செய்த மக்காண்ட்லெஸ் என்பாரே. உருண்டைக் கண்ணாடி, திருகு அடி, உச்சிக் கூர்முனை ஆகிய யாவும் விளக்கின் அமைப்பே. இழைக்கும் தகட்டுக்குமிடையே கம்பியாலான வலையொன்று நிற்பின் அது மூன்றுறுப்புக் குழாய். அவ்வலைக்குரிய ஆக்கவுரிமை 1908இல் வழங்கப்பட்டது. பிரான்சில் 1915இல் இராணுவத் தந்திக்கெனச் செய்த குழாயில் இழை கிடையாகவும், சுருள்வலை அதனைச் சூழ்ந்தும், தகடு உருளையாக வெளியேயும் நின்றன. 1920க்களில் பித்தளை அடி மறைந்து பேக்கலைற்று அடி வந்தது. 1935இற் கண்ணாடியே மறைந்த உலோகக் குழாய்களும் எட்டு ஊசி அடியும் தோன்றின.

அடியை மாற்றிப் பழமை காட்டுவோர் உளராதலின் வெளித்தோற்றம் முடிந்த சான்றன்று. உள்ளிருக்கும் உறுப்புகளே நம்பத்தக்கன. எஞ்சிய வாயுவைக் கவருதற்கென உள்ளே ஆவியாக்கப்பட்ட மகனீசியமோ பேரியமோ பிற்காலக் குழாய்களின் கண்ணாடியில் வெள்ளிபோல் ஒளிரும். அம்மினுக்கம் பால்போல் வெளுத்திருப்பின் காற்று உட்புகுந்துவிட்டது என்க. அக்குழாயை ஏற்றி இயக்க முயலுதல் வீண். அதன் ஆண்டும் இனமும் ஆக்கியோனும் அப்போதும் அறியப்படும்.