இலைப்பெயர், ஊர்ப்பெயர், கடைப்பெயர்: தமிழகத்தில் சுருட்டைத் தெரிந்தெடுத்த வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கடையில் நிற்பவர் ஒரு சுருட்டை விடுத்து மற்றொன்றைக் கேட்பதற்கு எப்பெயரை நம்பினார் என்பதே இக்கட்டுரையின் வினா. இலையின் பெயரால் நிகழ்ந்த தெரிவு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊரின் பெயருக்கும் பின்னர் நிறுவனத்தின் பெயருக்கும் இடம்விட்ட முறையைத் திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, திருவிதாங்கூர் எல்லை ஆகிய இடங்களின் சான்றுகளைக் கொண்டு இது விளக்க முயல்கிறது. 'திருச்சிராப்பள்ளிச் சுருட்டு' என்னும் தொடரை உற்பத்தியிடத்துக்கான சான்றாக எடுத்தாளும் வழக்கம் மறுபரிசீலனைக்கு உரியது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: சுருட்டு, புகையிலை, வணிகப்பெயர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, திருவிதாங்கூர், படையல்

முன்னுரை

தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தில், மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த பேரூர் ராயகிரி. கோயில் கொடைக்குரிய பொருள்களை வாங்க வந்த பெரியவர் ஒருவர் அங்குள்ள கடையொன்றில் தம் பட்டியலை நீட்டியபோது கட்டுரையாளர் உடனிருக்க நேர்ந்தது. தேங்காய், வாழைப்பழம், சூடம், பத்தி ஆகிய அனைத்துக்கும் அளவு குறிக்கப்பட்டிருந்தது. சுருட்டுக்கு நேரே 'ஒரு கட்டு' என்று மட்டும் இருந்தது. எந்தச் சுருட்டு என்று கடைக்காரர் கேட்டார். "சாமிக்கு அண்ணாச்சி, நல்ல காரமா உள்ளதாப் பாத்துக் குடுங்க" என்பதே பெரியவரின் விடை. கடைக்காரர் ஒரு கட்டை எடுத்து முகர்ந்து பார்த்து வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். வணிகப்பெயர் எதுவும் இருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

புகையிலை தமிழ்ச் சமூகத்தில் வேரூன்றிய வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியுள்ளார். தொழிலாளர் வரலாற்று நோக்கில் பீடித் தொழில் பற்றிய ஆய்வுகளும் பல உள்ளன. ஆயினும் நுகர்வோர் தெரிந்தெடுத்த முறை தனியே கவனிக்கப்படவில்லை. அதைக் கவனிக்காமையால் ஒரு பிழையும் நேர்ந்துள்ளது. வணிகர் விற்பனைக்கென இட்ட பெயர்களை, எங்கே எது விளைந்தது என்பதற்கான ஆவணங்களாக ஆய்வாளர் வாசித்துவிடுகின்றனர்.

இலைப்பெயர்

சுருட்டு என்னும் பெயர் செய்முறையைச் சுட்டும் பெயரே. சுருட்டப்பட்டது சுருட்டு. அச்சொல்லே ஆங்கிலத்தில் 'செரூட்' என வழங்குவதை யூல், பர்னல் ஆகியோர் தொகுத்த ஆப்சன் ஜாப்சன் அகராதி (1886) பதிவு செய்தது. 1669ஆம் ஆண்டுக்கும் 1679ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைக் குறித்துத் தாமசு பௌரி எழுதிவைத்த கையெழுத்துப்படி, சோழமண்டலக் கரையின் ஏழை மக்கள் இலையைச் சுருட்டி ஒரு முனையைக் கொளுத்தி மறுமுனையில் புகை இழுத்ததைச் சொல்லி, அதற்கு 'செரூட்டா' என்னும் பெயரையும் தருகிறது. அங்கே ஊருமில்லை, விற்பவருமில்லை. சுருட்டுபவரும் பிடிப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. அத்தகைய சூழலில் தெரிவு என்பது இலையைத் தெரிவதாகவே இருந்திருக்க முடியும்.

சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றி, உ. வே. சாமிநாதையர் 1939இல் பதிப்பித்த புகையிலை விடு தூது இங்கு நினைக்கத்தக்கது. தூது செல்லும் பொருள் புகையிலை. தூது பெறுபவர் பழனி முருகன். பழனியையும் திண்டுக்கல்லையும் சூழ்ந்த நிலப்பகுதியே பிற்காலத்தில் சுருட்டுப் புகையிலைக்குப் பெயர்பெற்றது. இப்பொருத்தத்தை மிகைப்படுத்தத் தேவையில்லை. இலக்கியம் நில வரலாற்றுக்கு நேர்ச்சான்று ஆகாது. ஆனால் புகையிலை புலவரின் புகழ்ச்சிக்கு உரிய பொருளாக அப்போதே ஆகிவிட்டது என்பது தெளிவு.

திண்டுக்கல் வட்டார உழவரிடையே ஊசிக்கப்பல், வட்டக்கப்பல், கருங்கப்பல் என்னும் வகைப்பெயர்கள் வழங்கின. ஒடுங்கிய இலை, அகன்ற இலை, கருத்த இலை என, கண்ணால் கண்டும் கையால் தொட்டும் அறியக்கூடிய பண்புகளே இப்பெயர்களில் உள்ளன. இவற்றோடு நீர் பற்றிய அறிவும் சேர்ந்தது. உவர்நீர் பாய்ந்த இலையை மெல்லுவோர் விரும்புவர். சுருட்டுக்கு அது உதவாது. நீரிலுள்ள குளோரைடு இலையில் ஏறினால் சுருட்டு சீராக எரியாமல் இடையில் அணைந்துவிடும். ஆதலின் எந்தக் கிணற்றுப் பாசனத்து இலை என்பது வாங்குபவருக்கு மெய்யான வினா. வேடசந்தூரில் 1948இல் சுருட்டுப் புகையிலைக்கென ஆராய்ச்சி நிலையம் அமைந்தபின் அறிவியலார் ஆராய்ந்த எரியும் தன்மை, இலை வாங்கியோர் கொளுத்திப் பார்த்தே அறிந்துவைத்திருந்த ஒன்றாகும்.

ஊர்ப்பெயர்

சுருட்டு ஊரை விட்டு வெளியேறிக் கப்பலேறியபோது இவ்வறிவு அதனுடன் செல்லவில்லை. இலண்டனில் வாங்குபவருக்கு ஊசிக்கப்பல் என்னும் சொல் பொருள் தராது. அவருக்குத் தெரிந்த ஊர், படைப்பாளையம் இருந்த திருச்சிராப்பள்ளி. அங்கே உறையூர்ப் பகுதியில் சுருட்டும் தொழில் செழித்திருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்குச் சுருட்டப்பட்ட இலையில் பெரும்பங்கு, அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த திண்டுக்கல் பகுதியிலிருந்து வந்தது. திண்டுக்கல்லில் சுருட்டப்பட்டவையும் வெளிநாட்டில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்றே அறியப்பட்டன. ஊர்ப்பெயர் இங்கே விளைநிலத்தைக் குறிக்கவில்லை. எப்போதும் தொழிற்கூடத்தைக் குறித்ததும் இல்லை. வாங்குபவரின் நினைவில் ஏற்கெனவே இருந்த ஓரிடத்தை அது குறித்தது.

இப்பெயர் எவ்வளவு ஆழப் பதிந்தது என்பதற்கு ஆர்தர் கோனன் டாயிலின் புனைகதைகள் போதும். 1887இல் வெளிவந்த முதல் செர்லாக் ஓம்சு கதையில், கொலையாளி திருச்சிராப்பள்ளிச் சுருட்டுப் பிடிப்பவன் என்பதைச் சாம்பலைக் கொண்டே துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். 1890இல் வந்த அடுத்த நாவலிலும் அச்சாம்பலின் கருமை பேசப்படுகிறது. நூற்று நாற்பது வகைப் புகையிலைச் சாம்பல்களைப் பற்றித் தாம் ஆய்வுரை எழுதியதாகவும் ஓம்சு கூறிக்கொள்வார். நம் துறைக்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை. சாம்பலின் நிறத்தைத் தீர்மானிப்பது இலையும் அது விளைந்த மண்ணுமே. ஓம்சு கண்டது உண்மையில் திண்டுக்கல் மண்ணாக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. அவருக்குக் கிடைத்த பெயரோ திருச்சிராப்பள்ளி. மாவட்டத் தொழில் வரலாறு எழுதும் நாமும் பலமுறை ஓம்சின் முறையையே பின்பற்றுகிறோம். ஏற்றுமதிப் பதிவில் ஊர்ப்பெயரைக் கண்டவுடன் அவ்வூரில் விளைச்சலையும் சேர்த்துக் கற்பித்துவிடுகிறோம்.

இடப்பெயர் வேறு வகையிலும் ஏமாற்றும். சென்னை மாகாணச் சுருட்டுத் தொழிலில் புகழ்பெற்ற 'லங்கா' புகையிலையை ஈழத்து இலை என்று கொள்ளுதல் எளிது. அது கோதாவரி ஆற்றிடைத் திட்டுகளில் விளைந்தது. தெலுங்கில் அத்திட்டுகளுக்கு லங்கா என்று பெயர்.

எனினும் ஊர்ப்பெயர் எங்கும் இவ்வாறே வெறும் விற்பனைப் பெயராக இருந்தது என்று சொல்வது தவறாகும். ராயகிரிக்குத் தெற்கே, செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அவ்வரசு புகையிலையைத் தன் தனியுரிமை வணிகமாக நெடுங்காலம் நடத்தி, தி. மாதவராவ் திவானாக இருந்தபோது 1863இல் அதைக் கைவிட்டு இறக்குமதித் தீர்வைக்கு மாறியது. யாழ்ப்பாணம், திருநெல்வேலி, கோயம்புத்தூர் என இலை வந்த இடத்தைப் பொறுத்துத் தீர்வை வேறுபட்டது. இவ்விலையில் பெரும்பகுதி மெல்லுவதற்கு உரியது; ஆயினும் நம் வினாவுக்கு இது இன்றியமையாதது. சுங்கச் சாவடியில் யாழ்ப்பாணம் என்னும் சொல்லுக்குப் பண மதிப்பு இருந்தது. பொய்யாகச் சொன்னால் அரசுக்கு இழப்பு. எனவே இலையைப் பார்த்து இடத்தை அறியும் அலுவலர் தேவைப்பட்டனர். இலண்டன் கடையில் அத்தகைய சோதனைக்குக் காரணமே இல்லை. ஒரே காலத்தில், ஒரே மாகாணத்து இலைக்கு, ஊர்ப்பெயர் எல்லையில் சான்றாகவும் கடல் கடந்தபின் விளம்பரமாகவும் இருந்தது. ஆவணத்தில் ஊர்ப்பெயரைக் காணும் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது, அப்பெயர் பொய்யானால் யாருக்கு இழப்பு என்பதே.

கடைப்பெயர்

மூன்றாம் கட்டத்தை விரைவாகவே சொல்லலாம். இதில் சான்றுகளை விடக் கதைகள் மிகுதி. 1860களில் சென்னையில் தோன்றிய ஸ்பென்சர் நிறுவனம் பின்னர்த் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. அதன் பெயர்பெற்ற சுருட்டுகளுள் ஒன்று 'லைட் ஆஃப் ஏசியா'. புத்தர் வாழ்வைப் பாடி எட்வின் ஆர்னால்டு 1879இல் வெளியிட்ட ஆங்கிலக் காவியத்தின் தலைப்பும் இதுவே. சுருட்டைப் பற்றி இப்பெயர் எதுவும் சொல்லவில்லை. இலையின் வடிவம், காரம், ஊர் ஆகிய எதுவும் அதில் இல்லை. உள்ளே திண்டுக்கல் இலையும் மேலே சாவா, சுமத்திரா இலையும் சேர்ந்து சுருட்டப்படும் காலம் வந்தபின், ஓர் ஊரின் பெயரால் அப்பொருளைக் குறிப்பதும் கடினமே. நிறுவனத்தின் பெயர் அந்த இடைவெளியை நிரப்பியது. உறையூரில் இன்றும் அறியப்படும் ஃபென் தாம்சன் என்னும் ஆங்கிலப் பெயரைத் தாங்கியது, தமிழர் நடத்திய நிறுவனமே. யாரை நோக்கி அப்பெயர் சூட்டப்பட்டது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

வின்சுடன் சர்ச்சில் தமிழகச் சுருட்டையே விரும்பினார் என்னும் செய்தியைத் திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் கேட்கலாம். இரண்டு ஊர்களும் அதற்கு உரிமை கொண்டாடுகின்றன. அவர் 1896 முதல் பெங்களூரில் படை அலுவலராக இருந்தது உண்மை. அதற்கு முந்தைய ஆண்டில் கியூபா சென்று வந்ததும், வாழ்நாளில் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்பட்டவை கியூபாவின் சுருட்டுகளே என்பதும் உண்மை. செய்தியின் மெய்ம்மையை இங்கு ஆராயப் புகவில்லை. ஏற்றுமதி தேய்ந்தபின், வாங்குபவரின் பெயரே சுருட்டின் பெயராக நின்றது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

சட்டமும் இதில் பங்கேற்றது. 1889இன் வணிகக்குறிகள் பற்றிய சட்டம் போலிக்குறி இடுவதைக் குற்றமாக்கியது. குறியைப் பதிவு செய்து உரிமை பெறும் முறை 1940இன் சட்டத்தால் வந்தது. இவை பாதுகாத்தது விற்பவரின் பெயரை. சுருட்டியவர் சட்டத்தின் கண்ணில் தனியே தோன்றியது 1966இல், பீடி, சுருட்டுத் தொழிலாளர் பணிநிலைச் சட்டத்தில். அப்போதேனும் சுருட்டு பீடியோடு சேர்த்தே பேசப்பட்டது. ஒத்துழையாமைக் காலத்தில் சிகரெட்டைப் புறக்கணித்தவர்களுக்கு மாற்றாகப் பரவிய பீடி, தென்காசி வட்டாரப் பெண்களின் வீட்டுத் தொழிலாக நிலைபெற்றுவிட்டது. எண்ணிக்கையில் சுருட்டுத் தொழிலாளர் அதன் நிழலில் மறைந்தனர். இலையைத் தொட்டே அதன் தரத்தைச் சொல்லும் கைகள் எந்த அட்டையிலும் இடம்பெறவில்லை.

படையலில் தெரிவு

நெல்லைச் சீமையில் சுடலைமாடன், கருப்பசாமி முதலிய தெய்வங்களுக்குச் சுருட்டுப் படைத்தல் இன்றும் வழக்கில் உள்ளது. இதற்கு எழுத்துச் சான்று 1849இலேயே கிடைக்கிறது. அவ்வாண்டு வெளியான தம் நூலில் இராபர்ட் கால்டுவெல், திருநெல்வேலிப் பகுதியில் ஓர் ஆங்கிலப் படைத்தலைவர் தெய்வமாக வழிபடப்பட்டதைக் கூறுகிறார். 1809இல் ஆரல்வாய்மொழிக் கோட்டை அரணைக் கைப்பற்றிய போரில் காயமுற்று இறந்து, தொலைவில் மணற்காட்டில் புதைக்கப்பட்டவர் அவர். அவருக்குப் படைக்கப்பட்டவை மதுவும் சுருட்டும். கால்டுவெல்லின் நோக்கில் இது மக்களின் அறியாமைக்கு எடுத்துக்காட்டு. அவர் காணத் தவறிய ஒன்றுண்டு. உயிரோடிருந்தபோது அவ்வலுவலர் எதைப் பிடித்தார் என்பதைக் கவனித்தறிந்தவர்களே அதை அவர் கல்லறையில் வைத்தனர். ஏழை மக்களின் கையிலிருந்து வெள்ளையர் கைக்குச் சென்ற பொருள், வெள்ளையரின் விருப்பப் பொருளாக மீண்டும் அதே மக்களிடம் திரும்பியிருக்கிறது.

படையலுக்குரிய சுருட்டைத் தெரிவதில் ஒரு முறைமை உண்டு. அதைப் பிடிக்கப்போவது வாங்குபவர் அல்லர். தம் சுவையை நம்பி வாங்க அவருக்கு உரிமையில்லை. சாமிக்கு எது பிடிக்கும் என்பது முன்னோர் சொல்லி அறிந்தது. அவ்வறிவு காரம், தடிப்பு, மணம் என்னும் இலைச் சொற்களிலேயே தங்கியுள்ளது. ஏற்றுமதியும் நிறுவனமும் சட்டமும் கொண்டுவந்த பெயர்கள் இவ்விடத்தை எட்டவில்லை. 2016 ஏப்ரல் முதல் புகையிலைப் பொருள்களின் உறையில் 85 விழுக்காட்டுப் பரப்பை அரசின் எச்சரிக்கைப் படம் எடுத்துக்கொண்டபின், வணிகப்பெயரைத் தேடிப் படிக்க வேண்டியுள்ளது. அந்தப் பெரியவருக்கு அதனால் இடர் ஏதும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. கொடை நாளில் உறை கிழித்தெறியப்பட்டது. சுருட்டுகள் வாழையிலையின் ஓரத்தில், வெற்றிலைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டன. ஆடிவந்த சாமியாடி அவற்றுள் ஒன்றை எடுத்துப் பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, சரி என்பதுபோல் தலையசைத்தார்.