கொம்பனித்தெருவின் மேசைகள்: யாருடைய சமையலைச் சாப்பிட்டு வளர்ந்தோம்?

கொழும்பு 02, கொம்பனித்தெரு. ரயில் நிலையத்தில் இறங்கி அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் நாலு சமூகங்களின் அடுப்படியைக் கடந்துவிடலாம். ஒரு பக்கம் பிட்டும் பாபத் கறியும் விற்கும் மலாய்க்காரர். அடுத்த பக்கம் தகட்டில் கொத்து ரொட்டி தட்டும் முஸ்லிம் ஹோட்டல். கோயில் பக்கம் போனால் தோசையும் உளுந்து வடையும். அலுவலகக்காரர் பகலில் வரிசையில் நிற்கும் இடம் சிங்களவரின் "பத் கடே".

இப்படியான கடைகளைப் பற்றி முகநூலில் எழுதுபவர்கள் எங்கே ருசி அதிகம், எங்கே விலை குறைவு என்று எழுதுகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். நான் வரலாறு படிப்பிப்பவன் என்பதால் எனக்கு வேறொரு கேள்வி. தன் ஊரவரோ தன் சமயத்தவரோ அல்லாத ஒருவர், கண்ணுக்குத் தெரியாத சமையலறையில் சமைத்ததை, காசு கொடுத்து வாங்கி யோசிக்காமல் வாயில் வைக்க நாம் எப்படிப் பழகினோம்? கந்தூரிச் சோறு, கோயில் அன்னதானம், வெசாக் தன்சல் எல்லாம் தெரிந்தவர்கள் தரும் சாப்பாடு. ஹோட்டல் சாப்பாடு அப்படியல்ல. அது அந்நியரை நம்பிச் சாப்பிடுவது. அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பார்க்க கொம்பனித்தெரு நல்ல இடம்.

முதலில் பெயர். ஆங்கிலேயர் இதை "ஸ்லேவ் ஐலண்ட்" என்றார்கள். அடிமைத் தீவு. ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்தும் ஆசியாவின் பிற பகுதிகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளை, பேர வாவி சூழ்ந்த இந்த நிலத்தில்தான் வைத்திருந்தார்கள். இலங்கையில் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இல். "கொம்பனி" என்ற பெயர் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனியிலிருந்து வந்தது என்பார் சிலர். இங்கே தங்கியிருந்த படைப் பிரிவுகளை, அதாவது "கொம்பனி"களை, வைத்து வந்தது என்பார் வேறு சிலர். எதுவானாலும், தாமாக விரும்பி வந்தவர்கள் உண்டாக்கிய ஊரல்ல இது. கொண்டுவரப்பட்டவர்களின் ஊர்.

மலாய்க்காரரின் வருகையும் அப்படித்தான். ஒல்லாந்தர் தமது கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து சிப்பாய்களையும், நாடு கடத்தப்பட்ட பிரபுக்களையும், தண்டனைக் கைதிகளையும் இங்கே அனுப்பினார்கள். ஜாவாவின் மன்னர் மூன்றாம் அமங்குராத் கூட 1708இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டவர். ஆங்கிலேயர் வந்த பிறகு மலாய்ச் சிப்பாய்களைத் தமது படையில் சேர்த்தார்கள். இலங்கை ரைபிள் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. அதிலிருந்தவர்கள் பலர் பொலிஸுக்கும் வேறு வேலைகளுக்கும் போனார்கள். குடும்பங்கள் கொம்பனித்தெருவிலேயே தங்கின. மலே வீதி, ஜாவா லேன், ரைபிள் வீதி என்ற தெருப் பெயர்கள் அந்தக் கதையை இன்றும் சொல்கின்றன. 1786இல் வாங்கப்பட்ட காணியில் எழுந்த வேகந்தைப் பள்ளிவாசலும் அந்த மக்களின் சொத்துத்தான்.

படை போனது, சமையல் நின்றது. வகுப்பில் சொற்களின் மூலத்தைப் படிப்பிக்கும்போது ஒரு ஹோட்டலின் உணவுப் பட்டியலைக் கையில் எடுப்பது எனக்கு வசதி. "பாபத்" என்பது மலாய் மொழியில் மாட்டின் இரைப்பை. "நாசி கோரெங்" என்றால் பொரித்த சோறு. நாம் தினமும் இடியப்பத்தோடு சாப்பிடும் "சம்பல்" கூட மலாய்க்காரர் கொண்டுவந்த சொல்தான். அதே பட்டியலில் "பாண்" போர்த்துக்கேயம், "புரியாணி" பாரசீகம். சிங்களவர் சொல்லும் "தோசே", "வடே", "கொத்து" நம்முடைய தமிழ். ஒரு கடையின் பலகையில் ஐந்நூறு ஆண்டு வரலாறு எழுதிக் கிடக்கிறது. நாம் அதை விலை பார்க்க மட்டும் வாசிக்கிறோம்.

சாப்பாட்டுக் கடை பெருகியதற்கு இன்னொரு காரணம் வேலை. 1860களில் ரயில் வந்தது. 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள், 1885இல் அந்த வேலை முடிந்தது. பேர வாவிக் கரையில் களஞ்சியசாலைகள் எழுந்தன. இந்த வேலைகளுக்கு வந்தவர்களில் மிகப் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். தமிழ்நாடு, மலையாளம், யாழ்ப்பாணம், தெற்குக் கிராமங்கள் என்று பல திசையிலிருந்தும் வந்தார்கள். அறையில் நாலு பேர் படுக்கலாம், ஆனால் அடுப்பு வைக்க இடமிராது. காலை தேநீருக்கும் இரவுச் சோற்றுக்கும் அவர்களுக்குக் கடைதான் வீடு. சைவக் கடையும் முஸ்லிம் ஹோட்டலும் மலையாளிகளின் தேநீர்க்கடையும் கொழும்பில் வேரூன்றியது அப்படித்தான்.

வேலை குறைந்தபோது அதே மனிதர்கள் "வந்தேறிகள்" ஆனார்கள். 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகக் கொழும்பில் பெரும் பிரசாரம் நடந்தது. 1939இல் அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கத் தீர்மானித்தார்கள். அதைப் பற்றிப் பேச ஜவஹர்லால் நேரு அந்த ஜூலையில் கொழும்புக்கு வந்தார். வந்தவர்கள் பலர் திரும்பிப் போனார்கள். அவர்கள் பழக்கிவிட்ட தோசையும் வடையும் போகவில்லை.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. கொழும்பில் வளர்ந்த ஏ. எம். புஹாரிதான் 1951இல் சென்னை மவுண்ட் ரோட்டில் புஹாரி ஹோட்டலைத் தொடங்கியவர். சென்னைக்காரர் தமதென்று கொண்டாடும் ஒரு கடைக்குள் கொழும்பின் அனுபவமும் இருக்கிறது.

கடை என்றால் எல்லாரும் சமமாக உட்கார்ந்த இடம் என்று இலேசாகச் சொல்லிவிடவும் கூடாது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பல தேநீர்க்கடைகளுக்குள் இடம் இருக்கவில்லை. வெளியே நிற்க வேண்டும், வேறு பாத்திரத்தில் குடிக்க வேண்டும். 1957இன் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தும் கதவு தானாகத் திறக்கவில்லை. 1960களில் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காக மக்கள் போராடி அடிவாங்க வேண்டியிருந்தது. ஒரு கடையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவது சின்ன விஷயமாக நமக்குத் தோன்றுவதற்கு, யாரோ அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது கோதுமை மா. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, மாவும் பாணும் தட்டில் ஏறின. 1953இல் அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது. 1970களில் அரிசியைக் கொண்டுபோவதற்கே வீதித் தடை. அரிசி நெருக்கடி வரும்போதெல்லாம் ரொட்டியும் பராட்டாவும் கைகொடுத்தன. அந்த ரொட்டியைக் கறியோடு கொத்திப் போடும் கொத்து ரொட்டி கிழக்கு மாகாணத்தில் பிறந்தது என்பதே பலரும் சொல்வது. இன்று அதற்கு இனமில்லை. இலங்கையர் எல்லாருக்கும் இரவுச் சாப்பாடு அது.

இனி நம்பிக்கைக்கு வருவோம். கொம்பனித்தெரு போன்ற இடத்தில் யாரும் மேடை போட்டு நல்லிணக்கம் பேசவில்லை. ஆனால் பேசாமலே சில ஏற்பாடுகள் இருந்தன. சைவக் கடையில் இறைச்சி இல்லை. அதனால் ஹலால் பற்றிக் கேட்காமல் முஸ்லிம் அங்கே சாப்பிடலாம், வெள்ளிக்கிழமை விரதக்காரரும் போயா தினத்தில் சில் எடுக்காத பௌத்தரும் பக்கத்து மேசையில் இருக்கலாம். முஸ்லிம் ஹோட்டலில் பன்றி இல்லை, சாராயம் இல்லை, நடு இரவிலும் அடுப்பு எரியும். மாட்டிறைச்சி வேண்டாதவர் கோழி கேட்பார். வெயிட்டர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

சோர்ட் ஈட்ஸ் தட்டையும் நினைத்துப் பாருங்கள். ரோல்ஸ், பட்டிஸ், வடை என்று பத்துப் பன்னிரண்டு உருப்படிகளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தின்றதைக் கணக்குப் பார்த்துக் காசு கொடுக்கிறோம். கடைக்காரர் நம் நேர்மையை நம்புகிறார், நாம் அவர் கையை நம்புகிறோம். இனத்தைக் கேட்டுத் தட்டு வைப்பதில்லை.

இந்த நம்பிக்கையை உடைக்க நினைத்தவர்களுக்கும் எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. 1915இல் முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டன. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்தன, சாப்பாட்டுக் கடைகளும் தப்பவில்லை. 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிரான பிரசாரம் வந்தது. அந்த மார்ச்சில் ஜம்இய்யத்துல் உலமா உள்நாட்டுப் பொருட்களில் இலச்சினையை நிறுத்த உடன்பட்டது. அது வரை யாரையும் தொந்தரவு செய்யாத ஓர் அடையாளம், சந்தேகத்தின் சின்னமாக்கப்பட்டது.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் நடந்ததை மறக்க முடியாது. கொத்தின் பிறப்பிடம் என்று நாம் சொல்லும் அதே கிழக்கில், ஒரு முஸ்லிம் ஹோட்டல் சாப்பாட்டில் "மலட்டு மாத்திரை" கலந்திருப்பதாக வாடிக்கையாளர் சிலர் கத்தினார்கள். சிங்களம் சரியாக விளங்காத ஊழியரிடம் கேள்வி கேட்டு, அவர் தடுமாறியதைக் காணொளியாக்கிப் பரப்பினார்கள். ஹோட்டலும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னது: அது வெறும் மாக்கட்டி. அப்படி மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையே கிடையாது என்று மருத்துவர்களும் சொன்னார்கள். ஒரு கவளத்தில் தொடங்கிய பொய்யின் சூடு ஆறுவதற்குள், மார்ச்சில் திகன எரிந்தது.

வரலாறு படிப்பிப்பவனாக இதில் நான் காண்பது ஒன்று. அந்நியர் சமைத்ததைச் சாப்பிடும் பழக்கம் நூற்றைம்பது ஆண்டுகளாக, கோடிக்கணக்கான சாதாரணச் சாப்பாட்டு வேளைகளில் உருவானது. அதைக் கெடுக்க ஒரு காணொளி போதும். திரும்பக் கட்டுவதற்கும் குறுக்கு வழி கிடையாது. மறுபடியும் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். பயத்தில் அவரவர் கடைக்குள் அவரவர் ஒதுங்குவது பாதுகாப்பு மாதிரித் தெரியும். ஆனால் ஒதுங்கியவரைப் பற்றித்தான் வதந்தி இலேசாக விலைபோகும். இதை எங்கள் சமூகத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கொம்பனித்தெருவும் மாறிவிட்டது. பழைய வீட்டு வரிசைகள் இடிக்கப்பட்டு உயர்ந்த மாடிகள் எழுந்திருக்கின்றன. தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல வேறிடம் போய்விட்டன. 2022இல் எரிவாயு இல்லாமல் நாடெங்கும் சின்னக் கடைகள் அடுப்பை அணைத்தன. மன்னர்களின் வரலாற்றுக்கு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பிட்டும் பாபத்தும் விற்றவரின் வரலாறு வயதானவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான்.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பாவிடம், அப்பப்பாவிடம், பக்கத்து வீட்டு சீயாவிடம் கேளுங்கள்: இளவயதில் கொழும்பில் எந்தக் கடையில் சாப்பிட்டார்கள், எந்தத் தெரு, ஏறத்தாழ எந்த ஆண்டு, முதலாளி எந்த ஊர், ஒரு பிளேன்டீ என்ன விலை? கிடைப்பதை இங்கே எழுதுங்கள். நான் தொகுத்து வைக்கிறேன். அடுத்த தவணையில் என் மாணவர்களுக்கு அதுதான் பாடம்.