பக்கம், ஏது, திட்டாந்தம்: வாதத்தை எழுதிப் பார்த்தல்

தருக்கப் போலிகள் பற்றி இணையத்தில் பரவும் பட்டியல்களை நம் ஆய்வு மாணவர்கள் பலர் மனப்பாடமாகவே அறிவர். ஆளைத் தாக்குதல், வட்ட வாதம், அவசரப் பொதுமை என்று பெயர்களை அடுக்குவர். ஆயினும் சொந்த ஆய்வேட்டில் அதே பிழை நேரும்போது அது கண்ணில் படுவதில்லை. பெயர் தெரிவதும் பிழை தெரிவதும் வேறு வேறு. இரண்டாவதற்கு ஒரு பயிற்சி வேண்டும். அப்பயிற்சி தமிழில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்யுளாக எழுதப்பட்டிருக்கிறது. அதனைப் பற்றியே இந்த நீண்ட பதிவு.

1. முப்பத்து மூன்று போலிகள்

மணிமேகலை 30 காதைகளைக் கொண்டது. 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயக்கணக்கரின் கொள்கைகளைக் கேட்கிறாள். அக்காதையிலேயே அளவைவாதி, அறிவு பிறழும் வழிகள் எட்டினைக் கூறுகிறான். அவற்றுள் ஒன்றின் பெயர் 'தேராது தெளிதல்'. ஆராயாமலே ஒன்றை உறுதியாகக் கொள்வதற்கு இதைவிடச் சுருக்கமான பெயர் கிடைப்பது அரிது.

29ஆம் காதையில், காஞ்சியில், அறவண அடிகள் அவளுக்கு அறம் உரைக்கத் தொடங்குகிறார். முதலில் அவர் கற்பிப்பது அளவை நூல். காட்சி, அனுமானம் என அளவை இரண்டு. அனுமானத்தை வாதமாக உரைக்கும்போது அதற்கு உறுப்புகள் உண்டு. நிறுவ வேண்டிய கூற்று பக்கம், அதற்குரிய காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். உபநயம், நிகமனம் என்னும் மற்ற இரண்டும் திட்டாந்தத்துள் அடங்கும். பின்னர் இம்மூன்றிலும் தோன்றும் போலிகளை அடிகள் வகுக்கிறார். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10, ஆக 33.

உ.வே. சாமிநாதையர் 1898இல் இக்காப்பியத்தைப் பதிப்பித்தபோது, அதன் பௌத்தக் கருத்துகளை விளங்கிக்கொள்ள மளூர் ரங்காசாரியரின் துணையை நாடினார். இன்றும் இக்காதை பல வகுப்பறைகளில் 'கடினப் பகுதி' என்று தாண்டிச் செல்லப்படுகிறது. அதன் உள்ளமைப்போ எளியது.

"இம்மலை நெருப்புடையது, புகையுடைமையால், அட்டில் போல." இந்த வாதம் நிற்க மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, ஏதுவாகிய புகை மலையில் உண்மையிலேயே இருத்தல் வேண்டும். இரண்டாவது, நெருப்புள்ள அட்டில் போன்ற இடங்களில், அதாவது சபக்கத்தில், அது காணப்பட வேண்டும். மூன்றாவது, நெருப்பில்லாத நீர்நிலை போன்ற இடங்களில், அதாவது விபக்கத்தில், அது காணப்படலாகாது.

அன்றாட வாதங்களில் முதல் இரண்டையும் எல்லாரும் எப்படியோ செய்துவிடுகிறோம். காரணம் ஒன்றைச் சொல்கிறோம். அதற்கு இசைவான எடுத்துக்காட்டு ஒன்றைத் தேடிப் பிடிக்கிறோம். மூன்றாவதை மறந்துவிடுகிறோம். 'முடிவு பொய்யாகும் இடத்திலும் இதே காரணம் இருக்கிறதா?' என்னும் வினாவைக் கேட்பவர் மிகச் சிலர். ஏதுப்போலிகளுள் பல, இந்த ஒரு வினாவைக் கேட்டாலே வெளிப்பட்டுவிடும்.

2. தெலுங்கு நாடும் காஞ்சியும்

இந்த மூன்று நிபந்தனைகளைச் செம்மையாக வரையறுத்து நிலைநிறுத்தியவர் பௌத்த அளவையாளர் திக்நாகர். திபெத்திய மரபு அவரைக் காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவர் என்கிறது. 7ஆம் நூற்றாண்டில் ஆந்திர நாட்டுக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், வேங்கியை அடுத்த தனிக்குன்றொன்றில் திக்நாகர் தம் அளவை நூலை இயற்றினார் என்ற செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். திக்நாகர் மரபில் வந்த சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்னும் சிறுநூலை அவரே 647இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். அந்நூலிலும் போலிகள் முப்பத்து மூன்றே: ஒன்பது, பதினான்கு, பத்து. காஞ்சியை ஒட்டிய ஒரு தமிழ்ச் செய்யுளும் சீனத் தலைநகரின் ஒரு மொழிபெயர்ப்பும் ஒரே அட்டவணையைச் சுமந்து நிற்கின்றன.

3. ஒரு தெருப்பெயரும் ஒரு தேர்தல் வழக்கும்

இப்பதிவை எழுதும் இடத்திலிருந்தே ஓர் எளிய எடுத்துக்காட்டு. ஐதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகருக்குப் புதிதாக வருபவர் ஒருவர் இப்படி அனுமானிக்கக்கூடும்: "இந்நகர் ஓர் அரசியல் தலைவர் பெயரால் அமைந்தது, ராவ் என முடிவதால், என்.டி. ராமராவ், நரசிம்மராவ் போல." ஏது உண்மை. திட்டாந்தங்களும் உண்மை. முடிவு தவறு. ஏ.எஸ். ராவ் எனப்படும் அய்யகாரி சாம்பசிவ ராவ் ஓர் அறிவியலாளர்; 1967இல் இங்குத் தொடங்கப்பட்ட இந்திய மின்னணுக் கழகத்தை, அதாவது இ.சி.ஐ.எல். நிறுவனத்தை, உருவாக்கியவர். 'ராவ்' என்னும் பெயரீறு அரசியலாருக்கும் உண்டு, அல்லாதார்க்கும் உண்டு. சபக்கம், விபக்கம் இரண்டிலும் செல்லும் இத்தகைய ஏதுவை மணிமேகலை 'சாதாரணம்' என்னும் அநைகாந்திகப் போலியாக வகுக்கிறது. இருபுறத்துக்கும் பொதுவானது எப்புறத்துக்கும் சான்றாகாது.

அதே இ.சி.ஐ.எல். நிறுவனம், வாக்குப்பதிவு இயந்திரங்களைச் செய்யும் இரு பொதுத்துறை நிறுவனங்களுள் ஒன்று. தேர்தல் தோறும் அவ்வியந்திரங்களைப் பற்றி எழும் வாதங்களைத் தருக்க மாணவர் கூர்ந்து கவனிக்கலாம். அவற்றின் தொடக்கக் கதையே ஒரு நல்ல பாடம்.

1982இல் கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முறையாக இயந்திரங்கள் பயன்பட்டன. தேர்தலுக்கு முன் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர் வேட்பாளர் சிவன் பிள்ளை. உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. வாக்குகள் எண்ணப்பட்டபோது வென்றவரும் அவரே. பின்னர் தோற்றவரான ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். 1984இல் உச்ச நீதிமன்றம் ஜோஸின் வாதத்தை ஏற்று, அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது. அதன் முடிவில் ஜோஸ் வெற்றி பெற்றார்.

இதில் மூன்று போலிகளைக் காணலாம்.

முதலாவது: "இவர் கூற்று ஏற்கத்தக்கதன்று, தோற்றவர் ஆதலின்." ஜோஸ் தோற்றவர், அவர் வாதம் நின்றது. அவர் ஒருவரே இங்கு விபக்கம். ஆளைத் தாக்கும் வாதத்துக்கு மணிமேகலையில் தனிப்பெயர் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று எழுதிப் பார்த்தவுடன் அது சாதாரணப் போலியாக அம்பலமாகிறது. மெய் கூறுவோரிடமும் பொய் கூறுவோரிடமும் தோல்வி உண்டு. "இயந்திரம் பழுது, நாங்கள் தோற்றதால்" என்னும் எதிர்த்தரப்பு வாதமும் இதே காரணத்தால் வீழ்கிறது.

இரண்டாவது: "இயந்திரம் பிழையாக எண்ணியது, நீதிமன்றம் அத்தேர்தலை ரத்து செய்ததால்." நீதிமன்றம் கருதிய ஏது வேறு. அன்றைய சட்டமும் விதிகளும் வாக்குச்சீட்டையே கருதி எழுதப்பட்டவை. இயந்திரத்துக்கு அவற்றில் இடமில்லை என்பதே அது. 1988இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டபின் அந்த ஏது மறைந்தது. ஒரு முடிவை, அதற்கு உரியதல்லாத காரணத்தோடு பிணைத்துப் பேசுவது அன்றாட உரையாடலில் மிகப் பரவலான பிழை.

மூன்றாவது: "இதுவரை தவறு நிறுவப்படவில்லை, ஆதலின் தவறே இல்லை." இது இயந்திரத்துக்கு ஆதரவாகப் பேசுவோரிடம் கேட்கும் வாதம். நிறுவப்படாமை, முழுமையாகத் தேடியபின் நேர்ந்ததாயின் ஒரு சான்று. தேடாமலே நேர்ந்ததாயின் ஒன்றுமில்லை. எனவே இங்கு விவாதிக்க வேண்டியது தேடலின் தரத்தை. இயந்திரம் நம்பத்தக்கதா என்பது சோதனை, தணிக்கை ஆகியவற்றைச் சார்ந்த கேள்வி. வென்றவர், தோற்றவர் முகங்களைச் சார்ந்ததன்று.

4. நம் துறையின் வாதங்கள்

பிறர் வாதங்களைச் சோதிப்பது எளிது. தமிழாய்வு தன் வாதங்களை இவ்வாறு சோதித்திருக்கிறதா? மணிமேகலையின் காலம் பற்றிய விவாதத்தையே எடுத்துக்கொள்வோம்.

1927இல் எஸ். குப்புசாமி சாஸ்திரி 29ஆம் காதைக்கும் நியாயப்பிரவேசத்துக்கும் உள்ள ஒற்றுமையை எடுத்துக்காட்டினார். மறு ஆண்டு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார், தம் மணிமேகலை ஆய்வு நூலில், காப்பியத்தின் அளவை நூற்பகுதி திக்நாகருக்கு முற்பட்டது என்று வாதிட்டார். இருவரும் பேரறிஞர். இவ்விவாதத்தைச் சூழ்ந்து வளர்ந்த காரணங்களை நாம் மூன்று வரிகளில் எழுதிப் பார்க்கலாம்.

"இரட்டைக் காப்பியங்கள் 2ஆம் நூற்றாண்டின, கயவாகு மன்னனைச் சிலப்பதிகாரம் குறிப்பதால்." ஒரு நூல் ஒரு மன்னனைக் குறிப்பது அவன் காலத்தில் அது எழுந்ததற்குச் சான்றாகுமா? கலிங்கத்துப்பரணி முதலாம் குலோத்துங்கனைப் பாடுகிறது; அவன் காலத்தது. இது சபக்கம். பெரியபுராணம் 7ஆம் நூற்றாண்டு அடியார்களைப் பாடுகிறது. எழுந்ததோ 12ஆம் நூற்றாண்டில். இது விபக்கம். ஏது இருபுறமும் செல்கிறது. கதையின் காலத்தை அது காட்டலாம். நூலின் காலத்தைத் தனித்து நின்று காட்டாது.

"மணிமேகலை மிகப் பிற்பட்டது, வடசொற்கள் மிகுந்திருப்பதால்." பௌத்த அளவையைக் கற்பிக்கும் பகுதி எக்காலத்தில் எழுந்தாலும் வடசொற்களைத் தாங்கியே தீரும். பொருள் காரணமாக வருவதைக் காலம் காரணமாக வந்ததெனக் கொள்வதும் அதே போலியே.

"இரு நூல்களும் ஒத்திருக்கின்றன, ஆதலின் ஒன்று மற்றொன்றைப் பின்பற்றியது." வெறும் ஒற்றுமை பொது மூலத்திலிருந்தும் வரலாம். ஆனால் 9, 14, 10 என்னும் எண்ணிக்கையும் வகைப்பெயர்களும் எடுத்துக்காட்டுகள் பலவும் ஒருசேர ஒத்துவரும்போது விபக்கம் சுருங்குகிறது, ஏது வலுப்பெறுகிறது. ஆயினும் அது நிறுவுவது திக்நாகர் மரபோடு உள்ள தொடர்பை மட்டுமே. கையாண்ட நூல் நியாயப்பிரவேசமேதான் என்பதற்கு மேலும் சான்று வேண்டும். இக்காப்பியத்தை 6ஆம் நூற்றாண்டை ஒட்டியோ அதற்குப் பின்னரோ வைப்போர் இன்று மிகுதியாக இருப்பதற்கு, இவ்வாறு வலுப்பெற்ற ஏதுவும் ஒரு காரணம்.

இவ்விவாதத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக உழைத்த எஸ். வையாபுரிப்பிள்ளை தமிழ் நூல்கள் பலவற்றுக்குப் பிற்பட்ட காலம் கூறினார். அவர் முடிவுகளுள் சில மறுக்கத்தக்கவை. பின்வந்தோர் சான்றுகளோடு மறுத்தும் உள்ளனர். ஆனால் 'தமிழுக்குப் பகைவர்' என்ற பழியும் அவர்மீது விழுந்தது. "இம்முடிவு தவறு, கூறியவர் தமிழ்ப் பற்றில்லாதவர் ஆதலின்." இதில் ஏதுவே ஐயத்துக்குரியது. ஆவியோ பனியோ என்று ஐயுறுவதைப் புகையென்று கொண்டு நெருப்பைத் துணியும் பிழையை மணிமேகலை 'சித்தாசித்தம்' என்கிறது. ஏது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் வாதம் நிற்காது. பற்றுடையோரும் காலக் கணிப்பில் தவறியிருக்கின்றனர். இத்தகைய பழியால் இழப்பு அவர் ஒருவருக்கு மட்டும் நேரவில்லை. பிற்பட்ட காலத்தைச் சான்று சுட்டினாலும் அதை எழுதத் தயங்கும் ஒரு மனநிலை மாணவரிடையே வளர்வதே பேரிழப்பு.

5. ஒரு வேண்டுகோள்

அறவண அடிகளின் பாடத்தில் இறுதியாகக் குறிக்கத்தக்கது 'விருத்த வியபிசாரி'. ஒன்றுக்கொன்று முரணான இரு முடிவுகளுக்கும் சமவலியுள்ள ஏதுக்கள் இருக்கும் நிலை அது. அங்கே ஐயமே முறையான முடிவு. ஐயத்தை ஐயமாகவே எழுதி வைக்கும் துணிவு ஆய்வாளருக்கு வேண்டும்.

ஆய்வு மாணவ நண்பர்கள் தங்கள் ஆய்வேட்டின் மையக் கருத்தை மூன்று வரிகளில் எழுதிப் பாருங்கள். முதல் வரி பக்கம், இரண்டாவது ஏது, மூன்றாவது திட்டாந்தம். நான்காவது வரியை வெறுமையாக விட்டு, அதில் விபக்கத்தைத் தேடி நிரப்ப முயலுங்கள். அவ்வரி நிரம்பிவிட்டால், நெறியாளர் சொல்வதற்கு முன்பே உங்கள் ஏதுவைத் திருத்திக்கொள்ளலாம். நேர்மையாகத் தேடியும் நிரம்பாவிட்டால், அவ்வியலை நம்பி எழுதலாம்.

எழுதிப் பார்த்தவர்கள் தங்கள் நான்கு வரிகளைப் பின்னூட்டத்தில் இடுங்கள். அவற்றை வைத்தே உரையாடுவோம்.